மீராமுகைதீனுக்கு எத்தனை புள்ளி?

கொழும்பு,
04.02.1980

அன்பின் அச்சிமுகம்மது மச்சானுக்கு,

புண்ணியமூர்த்தி எழுதுவது. உடம்பு ஓடுகிறது, மனம் உட்கார்ந்துவிட்டது. உன்பாடும் அப்படியென்றால் கவலைப்படாதே, நாற்பதைத் தாண்டினால் அதுதான் சுகம்.

எங்கள் கல்லூரி உதைபந்தாட்டக் குழுவுக்கு வெளியூர்ப் பொடியன்களை எடுத்து, விடுதியும் சாப்பாடும் கொடுத்துப் படிப்பிக்கிறார்கள். பொறுக்கி எடுப்பது விளையாட்டு ஆசிரியரான என் தலையில். போன வருஷம் ஒரு பெரிய மனிதரின் சிபாரிசை நம்பி ஒருவனை எடுத்தேன். பந்தைக் கண்டால் விலகி வழிவிட்டான், அவ்வளவு மரியாதை. இந்த முறையும் பிழைத்தால் என் கதிரையில் வேறு ஆள் இருப்பான் என்று அதிபர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

நம் பக்கத்துக்கு இந்த வருஷம் ஒரே ஒரு இடம். கல்முனையில் நடக்கிற ஆட்டங்களைப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று புள்ளி போட்டு அனுப்பு. ஏன் உன்னைக் கேட்கிறேன்? நாம் பள்ளியில் ஒன்றாக ஆடிய அந்த இறுதி ஆட்டத்தில் நீதான் கோல் கீப்பர். பந்தைப் பிடித்துவிட்டாய். றெபரி ஒன்றும் காணவில்லை. நீயாகப் போய், "சேர், பந்து கோட்டுக்கு உள்ளுக்குப் போயிட்டுது" என்றாய். கிண்ணம் போனது. உன்னை அடிக்க ஓடி வந்தவர்களில் நானும் ஒருவன். இன்றைக்கு எனக்கு அந்த வாய்தான் வேணும்.

இப்படிக்கு,
களைத்துப்போன புண்ணியம்


786
கல்முனை,
20.02.1980

என் அருமை மச்சான் புண்ணியத்துக்கு,

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் சைக்கிள் கடையைச் சாத்திவிட்டு மைதானத்துக்குப் போகிறேன். முதலில் என் வயிறு போய் நிற்கும், பிறகு நான் போய்ச் சேருவேன்.

உன்னால் எனக்கு வந்த வினையைக் கேள். ஒரு மனிதன் கடையைச் சாத்திவிட்டு வாலிபப் பொடியன்களை உற்றுப் பார்க்கிறான். வயசு கேட்கிறான். வாப்பா யார், உம்மா யார் என்று விசாரிக்கிறான். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லும் பார்க்கிறான். (முன்பல் உடைந்தவன் பந்துக்குப் பயப்படமாட்டான் என்பது என் கணக்கு.) வீட்டிலோ பதினேழு வயதில் மகள் சுல்பிகா. ஊர் சும்மா இருக்குமா? "அச்சி மாப்பிள்ளை பாக்கான்!"

அன்றிலிருந்து பொடியன்களைப் பெற்ற உம்மாமார் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் மணக்க வட்டிலப்பம் அவித்து அனுப்புகிறார்கள். நான் மறுத்துப் பார்த்தேன், என் வயிறு மறுக்கவில்லை. என் மனைவி றாஹிலா முதலில், "பந்தடிக்கிறவன்ட காலப் பாக்கத்தான் போறீங்களாக்கும், நம்பிட்டன்" என்றாள். மூன்றாவது வட்டிலப்பத்தோடு அவளே ஊர்ப்பக்கம் சாய்ந்துவிட்டாள்.

சரி, ஆட்டம். வினாயகபுரத்துக் கதிர்காமன் கரைவலை இழுத்துப் பழகிய கால்காரன். நாள் முழுக்க ஓடுவான். ஏழு.

அடுத்தவன் மீராமுகைதீன், ஜெமீலா ராத்தாவின் மகன். வேளாண்மை வெட்டுக்குப் போய்விட்டு, காலில் வயல் சேறு காயாமல் நேரே ஆட்டத்துக்கு வந்தான். ஆள் மெலிவு. ஆனால் மச்சான், பந்து அவனிடம் வந்தால் அவசரமெல்லாம் மற்றவர்களுக்குத்தான். மூன்று பேர் மறித்தார்கள். கலியாண வீட்டில் சஹன் தட்டுகளைச் சுற்றிச் சனம் இருந்து சாப்பிடுகிறபோது, ஒருவர் மேலும் கால் படாமல் நடுவால் தண்ணி கொண்டு போவானே ஒருவன், அப்படிப் போனான். கோல் போட்டுவிட்டுக் கையைத் தூக்கித் துள்ளவில்லை. விழுந்து கிடந்த கோல் கீப்பரைத் தூக்கிவிட்டு, அவன் முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டான். நானும் பழைய கோல் கீப்பர்தானே. என் முதுகில் அன்றைக்கு நீங்கள் தட்டியது வேறு மாதிரி.

புள்ளி இன்னும் போடவில்லை. இன்னொரு ஆட்டம் பார்க்கிறேன்.

உன்,
அச்சி


கொழும்பு,
10.03.1980

அன்பின் மச்சான்,

வட்டிலப்பக் கதையை வாசித்துத் தனியே இருந்து சிரித்தேன். சிரித்து நாளாகிவிட்டது. அதிபர் தினமும் கேட்கிறார். மீராமுகைதீனுக்கு எத்தனை? சுருக்காக எழுது.

புண்ணியம்


786
கல்முனை,
25.03.1980

அன்பு மச்சானுக்கு,

இங்கே வேலைக்கு மேல் வேலை. சுல்பிகாவுக்கு வீடு கட்டத் தொடங்கிவிட்டோம். மகளுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அதில் குடியேற்றாமல் நம் பக்கத்தில் கலியாணம் ஏது? சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. நானும் ஒரு கல் தூக்கினேன். அதைக் கீழே வைக்க இரண்டு பேர் உதவிக்கு வந்தார்கள்.

றாஹிலா போய்ப் பேசியது ஜெமீலா ராத்தாவின் வீட்டில். ராத்தாவுக்கு நல்ல சந்தோஷம். "என்ட மகன் ஒங்கட வாசலத் தாண்டமாட்டான் புள்ள" என்றாவாம். கலியாணம் இரண்டு வருஷம் கழித்து. இப்போதைக்குச் சொல் மட்டும்.

மற்றது, நீ கேட்ட புள்ளி. கதிர்காமனுக்கு ஏழு. மீராமுகைதீனுக்கு ஐந்து. மூச்சுக் குறைவு, இடது கால் மெத்தனம். உம்மாவை விட்டு இருந்து பழகாதவன், விடுதிக்குச் சரிவரமாட்டான்.

களைப்பாக இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

அச்சி


கொழும்பு,
02.04.1980

மச்சான்,

கதிர்காமனைப் பற்றி நீ எழுதியது இரண்டு வரி. ஏழு கொடுத்தாய். மீராமுகைதீனைப் பற்றி அரைப்பக்கம். ஐந்து கொடுத்திருக்கிறாய்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். நல்ல பொடியன் ஒருவன் வாசலுக்கு வந்தால் அவன் திரும்பிப் போகாமல் நானும் படலையைச் சாத்தத்தான் பார்ப்பேன்.

தெரிவுக் கூட்டத்தைப் பதினெட்டாம் தேதிக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். இன்னொரு முறை எழுது. அதே ஐந்தை எழுதினாலும் சரி, அதை அப்படியே அதிபரின் மேசையில் வைப்பேன். உன் புள்ளியை நான் திருத்தமாட்டேன்.

புண்ணியம்


786
கல்முனை,
10.04.1980

என் அன்பு மச்சான் புண்ணியத்துக்கு,

உன் கடிதத்தைக் கடையில் இருந்துதான் படித்தேன். ஒட்டுப் போட்ட டியூப்பைக் காற்றடிக்க மறந்து கொடுத்திருக்கிறேன். அந்த ஆள் சைக்கிளை உருட்டிக்கொண்டே திரும்பி வந்து, "என்ன அச்சிக் காக்கா, மாப்பிள்ள யோசினையா?" என்றான்.

வீட்டில் கதைத்தேன். றாஹிலா, "அஞ்சு எண்டா அஞ்சுதான். ஒங்களத் திருப்பி ஆரு கேட்டது? கட்டின சுவர ஆரு பாக்கிறது?" என்று பிடித்துக்கொண்டாள். திரைக்குப் பின்னால் இருந்து சுல்பிகாவின் குரல்: "உம்மா, வாப்பா கிண்ணத்தையே தூக்கிக் குடுத்தவரு. அவரோட என்னத்தக் கதைக்கிறீங்க?" அவ்வளவுதான், குசினிக்குப் போய்விட்டாள். பாராட்டினாளா ஏசினாளா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. முகத்தைப் பார்க்கவும் துணிவு வரவில்லை.

மீராமுகைதீனுக்கு ஒன்பது. மூச்சு இருக்கிறது. இடது கால் வலது காலை விடத் திறம்.

ஜெமீலா ராத்தாவிடம் நானே போய்ச் சொன்னேன். அழுதா. பிறகு, "சொன்ன சொல்லு சொல்லுதான் தம்பி, படிச்சிட்டு வரட்டும்" என்றா. நானும் ஓம் என்றேன். கொழும்புக்குப் போனவன் திரும்பி வருகிற கணக்கு எனக்கும் தெரியும், அவவுக்கும் தெரியும். உன்னையே பார், இருபது வருஷமாக உன் சொந்த ஊர் வீரமுனைக்கு நாளைக்கு வருகிறாய்.

வீட்டுச் சுவர் ஜன்னல் மட்டத்தோடு நிற்கிறது. பகலில் ஆடுகள் குடியிருக்கின்றன. றாஹிலா என்னோடு கதைப்பதில்லை, தேத்தண்ணியில் சீனியும் போடுவதில்லை. டாக்குத்தர் ஆறு வருஷம் சொல்லியும் நடக்காத காரியம்.

ஏன் ஒரு புள்ளியைக் குறைத்தாய் என்று கேட்பாய். பொடியன் கடிதம் எழுதாத ஆள். மன்னாருக்கு ஆட்டத்துக்குப் போய் ஒரு மாதம் நின்றவன், உம்மாவுக்கு ஒரு தபாலட்டை போடவில்லை. அதை நீதான் திருத்த வேணும். மாதம் ஒரு தரம் பிடித்து இருத்தி, கல்முனைக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லு.

எந்த வீட்டுக்கு என்று நான் சொல்லவில்லை.

உன்,
அச்சிமுகம்மது