நிறுத்தி வைத்த பேட்ச்

நாள் 212 — 09:10
நிலவின் தென்முனை, பனிச்சுரங்க நிலையம். இங்கே இரண்டே பேர். கணினிகளைப் பார்க்கும் நான், ஞானப்பிரகாசம். பனி வெட்டும் பொற்கொடி.

வாராந்திர அப்டேட். எங்கள் இயங்குதளம் திறந்த மூலம், யாரும் படிக்கலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம். இந்த வாரம் பதினேழு வந்தன. சோதனைக் கணினியில் ஓட்டிப் பார்த்து, பதினாறை நிலையத்தில் போட்டாயிற்று.

பதினேழாவது, காற்று வால்வுகளை இயக்கும் நிரலுக்கான பாதுகாப்பு பேட்ச், ஓட்டையை அடைக்கும் ஒட்டுத் திருத்தம். ‘அவசரம்’ என்று சிவப்பில் போட்டிருக்கிறது. அனுப்பியவர், மெஹருன்னிசா.

அந்த நிரலை எழுதியவன் நான். ஒன்பது வருடம் பராமரித்தவனும் நான். நான் இங்கே கிளம்பிய மாதமே குழு வாக்கெடுத்து, நேற்று வந்த அவளிடம் அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டது. பத்து வரி பேட்ச், அதற்கு நாற்பது பேர் பாராட்டு. எனக்கு வந்த பாராட்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

‘ஹோல்டு’ போட்டேன். இதைத் தொடாதே என்று கணினிக்குச் சொல்வது அது. காரணம்: ‘சோதனையில்’. நான் சோதிக்கவில்லை.

நாள் 215 — 11:40
பூமியிலிருந்து மெஹருன்னிசா: “ஞானம் சார், பேட்ச் போட்டாச்சா? அதைப் படிச்சாலே ஓட்டை எங்கன்னு தெரிஞ்சிடும் சார். இனிமே எவன் வேணா உள்ள வரலாம். தயவுசெஞ்சு லேட் பண்ணாதீங்க.”

எனக்குத் தெரியாததா? ‘பார்த்துக்கொள்கிறேன்’ என்று பதில் போட்டேன். சொந்தமாக ஒரு பேட்ச் எழுதப்போகிறேன். ஏழே வரியில்.

நாள் 219 — 08:05
என் பேட்ச் மூன்றாவது முறையும் சோதனையில் படுத்துவிட்டது. கடைசியில் அவளுடையதைத் திறந்து படித்தேன். அவ்வளவு சுத்தம். வயிறு எரிகிறது. ஓட்டை இருந்தது நான் எழுதிய வரியில். குறிப்பில் அவள் என் பெயரைச் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பொற்கொடி மூன்று நாள் வேலைக்காகத் தூரத்துக் குடிலுக்குக் கிளம்பினாள். போகும்முன் திரையைப் பார்த்தாள். ‘நிலுவை அப்டேட்: எதுவுமில்லை’ என்று பச்சையில் இருந்தது. ஹோல்டு போட்டதை அந்த வரி சேர்த்துக்கொள்வதில்லை. அது அவளுக்குத் தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை.

நாள் 220 — 14:22
துணைக்கோள் இணைப்பு வழியாக ஏதோ விஷமநிரல் புகுந்துவிட்டது. நிலையத்து வால்வுகளை ஓடி ஓடிக் கையால் மூடிவிட்டேன். குடிலிலும் அதே நிரல்தான், ஆனால் அங்கே கையால் மூடும் கைப்பிடி வெளிப்புறம் இருக்கிறது.

ரேடியோவில் பொற்கொடி: “அண்ணே, வால்வு தானா தொறக்குது. மூட மாட்டேங்குது. ஸ்பேஸ் சூட்டு வெளி ரூம்ல மாட்டிக்கிச்சு, கதவும் தொறக்கல. எல்லாம் போட்டாச்சுன்னு பச்சையாத்தானே காட்டுச்சு?”

14:25. ஹோல்டை எடுத்தேன். அவளுடைய பேட்ச் குடிலுக்குப் போகிறது. ஒன்பது நிமிடம் என்கிறது.

14:29. “காது அடைக்குதுண்ணே. சீக்கிரம்ணே.”

14:34. வால்வுகள் மூடிக்கொண்டன. பேட்ச் வேலை செய்கிறது. கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன்.

நாள் 221 — 10:00
மெஹருன்னிசா, அழுதபடி: “சார், என் பேட்ச் போட்டும் பொற்கொடி போயிட்டாங்களா? நான் எங்க தப்பு பண்ணேன்? அதை மட்டும் சொல்லுங்க சார்.”

‘போட்டிருந்தோம்’ என்று பதில் அனுப்பினேன். ஹோல்டு போட்ட பதிவை அழித்தேன்.

நாள் 223 — 16:50
மெஹருன்னிசா விலகிவிட்டாள். குழு ஒருமனதாக நிரலை என்னிடமே திருப்பித் தந்துவிட்டது. ஆறுதல் சொல்லி நூற்றுக்கு மேல் செய்திகள். எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன்.

என் பேச்சை நம்பி, இதே நிரலை ஓட்டும் மற்ற பதினொரு நிலையங்களும் அவள் பேட்சைக் கழற்றிவிட்டு, பழைய பதிப்புக்குத் திரும்பிவிட்டன. முந்நூறு பேர். என் திருத்தத்துக்காகக் காத்திருக்கிறார்கள். அவள் எழுதியதில் திருத்த ஒன்றுமே இல்லை.

‘பொய் சொன்னேன். அவள் பேட்சை உடனே போடுங்கள்’ என்று தட்டச்சு செய்துவிட்டேன். இன்னும் அனுப்பவில்லை. திரையில் ‘பராமரிப்பவர்’ என்ற இடத்தில் என் பெயர் வந்திருக்கிறது. ஒரே ஒரு நிமிடம், அதைப் பார்த்துவிட்டு அனுப்புகிறேன்.