எங்கள் கம்பெனி பேர் இல்லாத தீர்ப்பு

அடியே, நாங்கள் உட்கார்ந்துவிட்டோம்!

இன்று காலை எங்கள் பூந்தமல்லி கம்பெனியில் இருபது ஸ்டூல்கள் வந்து இறங்கின. பச்சைப் பெயின்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. காயட்டும் என்று சூப்பர்வைசர் கத்தினார். யார் கேட்டது? செக்கிங் டேபிளில் நிற்கிற அத்தனை பேரும் உட்கார்ந்தோம், அத்தனை பேர் யூனிஃபார்ம் கோட்டின் பின்னாலும் பச்சை வட்டம். முதலில் உன்னிடம்தான் சொல்லவேண்டும் என்று இருந்தது. நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

அம்பத்தூர் கம்பெனியில் நாம் இருவரும் நாள் முழுக்க நின்றுகொண்டே ரப்பர் வாஷர் சரிபார்த்தது ஞாபகமிருக்கிறதா? யூனியனைப் பிடித்து உலுக்கி, கம்பெனியை ஒரு நடுவரிடம் போகச் சம்மதிக்க வைத்தவள் நீ. வீங்கின முட்டியைக் காட்டுகிறேன் என்று நடுவர் முன்னாலேயே நீ புடவையைத் தூக்கப் போக, நான் பதறிப்போய் உன் கையைப் பிடித்தேன். உட்கார்ந்தே வேலை செய்யலாம் என்று தீர்ப்பு வந்தது. நீ அதைப் பத்து ஜெராக்ஸ் எடுத்து என் பையில் திணித்தாய்.

"எதுக்குடி இத்தினி?"

"வச்சிக்கோ. எங்கனா ஒதவும்."

வீடு கரையான்சாவடிக்கு மாறியதும் நான் இந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். இங்கேயும் நிற்கிற வேலைதான். முதல் வாரமே மேனேஜர் மேஜையில் உன் தீர்ப்பை விரித்து, "பாருங்க சார், தீர்ப்பே கீது" என்றேன். அவர் கடைசி வரி வரை படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

"இதுல எங்க கம்பெனி பேரு எங்கம்மா இருக்கு?"

நடுவர் தீர்ப்பு அவரிடம் போன இரண்டு தரப்பை மட்டும்தான் கட்டுப்படுத்துமாம். மானமே போயிற்று. அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே உட்கார்ந்து அழுதேன். நீயோ சிரித்தாய். "பேரு இல்லாட்டி இன்னாடி? அங்க நிக்கிறவளுக்கு முட்டி கீதுல்ல?"

அந்த ஒரு கேள்வியையும் உன் ஜெராக்ஸ் மூன்றையும் வைத்துக்கொண்டுதான் இங்கே நிற்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து தொழில் தீர்ப்பாயம் போனோம். உன் தீர்ப்பை முன்னுதாரணமாக எடுக்கவே கூடாது என்று கம்பெனி வக்கீல் ஒரே பிடியாக நின்றார். நீதிபதியும் ஆமாம் என்று தலையாட்டினார். உன் காகிதமும் உன்னோடு போய்விட்டது என்றே நினைத்தேன். போன வாரம் அவர் வாசித்த உத்தரவைக் கேள்: அந்தத் தீர்ப்பு இந்தத் தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நிறுவனம் வேறானாலும் நின்று செய்யும் வேலையும் அதனால் வரும் வலியும் ஒன்றே. நடுவர் சொன்ன காரணம் சரியென்று ஏற்கிறேன். இவர்களுக்கும் உட்கார ஸ்டூல் தர வேண்டும்.

அது உன் முட்டிதானேடி! கோர்ட் என்றும் பார்க்காமல் கைதட்டிவிட்டேன். டவாலி போட்ட சேவகர் முறைத்தார். முறைக்கட்டுமே.

இன்று வேலை முடிந்து ஷேர் ஆட்டோவில் ஏறினால், பக்கத்தில் இருந்த பெண், "அக்கா, பின்னாடி பெயின்ட் ஒட்டிகினு கீது" என்றாள். பெருமையாகக் கதை முழுவதையும் சொன்னேன். அவள் ஆவடிப் பக்கம் ஒரு கம்பெனியில் நின்றுகொண்டே பேக்கிங் செய்கிறாளாம். உன் ஜெராக்ஸ் ஒன்றும் எங்கள் உத்தரவின் நகல் ஒன்றும் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தவள் முகம் வாடிவிட்டது.

"எங்க கம்பெனி பேரு இதுல இல்லியேக்கா."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் முட்டியை லேசாகத் தட்டி, "இது கீதுல்ல?" என்றேன்.

உன் பத்து ஜெராக்ஸில் இன்னும் ஆறு என் பையில் இருக்கிறது.