நனையாத மழைமானி

அன்புள்ள அம்மாவுக்கு, குவைத்திலிருந்து ஜெசிந்தா தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் நலம். உன் கால்வலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் கத்திவிடுகிறேன். அதனால்தான் லீவில் வரும் பர்வீன் அக்கா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ரெட் அலர்ட் அன்று எங்கள் வாட்சப் மழைக் குழுவில் விழுப்புரம், திண்டிவனம் என்று ஆளாளுக்கு மழை அளவு போட்டார்கள். நம் ஊர் கெடாரின் அளவு மட்டும் வரவில்லை. மாடியில் நான் வைத்துவிட்டு வந்த மழைமானி எங்கே என்று கேட்டால், "பேய்மழைடி, நனைஞ்சி கெட்டுடப் போவுதுன்னு எடுத்தாந்து உள்ள வச்சிக்கினேன்" என்கிறாய். மழையை அளக்கிற சாமானை மழைக்குப் பயந்து உள்ளே வைப்பார்களா? குழுவில் இதைச் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஆனால் நேற்று பக்கத்து வீட்டு மலர்விழி சொன்னாள்: அன்று வீட்டுக்குள் முழங்கால் தண்ணீராம், நீ மழைமானியை மடியில் வைத்துக்கொண்டு கட்டில்மேல் உட்கார்ந்திருந்தாயாம். முகாம் போட்டிருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடு என்று எவ்வளவு கெஞ்சினேன்!

பர்வீன் அக்கா திரும்பும்போது வறுத்த மல்லாட்டை கொடுத்துவிடு, இங்கே கிடைக்கிற வேர்க்கடலையில் அந்த ருசி இல்லை. டியூட்டி வண்டி ஹாரன் அடிக்கிறது. இனி எச்சரிக்கை வந்தால் அதை அப்படியே போட்டுவிட்டு நீ கிளம்பு. மழைமானி கடையில் கிடைக்கும், அம்மா.

ஜெசிந்தா