முக்காட்டில் முடிந்த மாத்திரைகள்

பரமத்தி வேலூர்,
10-11-1938, ரமலான் பிறை 17.

பம்பாய் வெற்றிலை மண்டியில் இருக்கும் என் மரியாதைக்குரிய கணவர் சைபுல்லா அவர்களுக்கு, உங்கள் அஜீஸா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தையும், அங்கே நோன்பு திறக்கக் கஞ்சியாவது கிடைக்கிறதா என்பதையும் அறிய ஆவல்.

கையெழுத்தைப் பார்த்து விழிப்பீர்கள். இது உங்கள் அண்ணன் எழுதியது இல்லை. நான் சொல்லச் சொல்ல நம் மகள் ஷாஜாதி எழுதுகிறாள். "எல்லோரும் சுகம்" என்றபோது என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மீதியை அப்புறம் சொல்கிறேன், எழுதடி என்றேன்.

ஐப்பசி மழை இன்னும் விடவில்லை. வாய்க்கால் ததும்பிக் கொடிக்காலுக்குள் தண்ணீர் நிற்கிறது. வெற்றிலை தப்பிவிடும் என்கிறார்கள். கொசுதான் தாங்கவில்லை. தெருவுக்குத் தெரு குளிர்காய்ச்சல். வாய்க்கால் கரைப் பாப்பாயியின் சின்ன மகள் போன வாரம் போய்விட்டாள். ஷாஜாதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்த பிள்ளை. பாப்பாயியைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை.

இந்தக் காய்ச்சலுக்குப் பயந்துதான் சென்னிமலை வாத்தியார் தபாலாபீசில் கொயினா மாத்திரை வாங்கிவந்து, பள்ளியில் தினமும் கொடுத்தார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, சொம்புத் தண்ணீரோடு விழுங்கச் சொல்வாராம். நல்ல காரியம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டில் ஒருத்தரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நம் பெண் இந்த வருஷம்தான் முதல் தடவையாக நோன்பு பிடிக்கிறாள். சின்ன உடம்பு, வேண்டாமடி என்றால் கேட்டால்தானே! உங்கள் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது. பகலில் மாத்திரையும் தண்ணீரும் எப்படி விழுங்குவாள்? வாத்தியாரிடம் சொல்லவும் பயம். வாயில் போடுவதுபோல் கையைக் கொண்டுபோய்விட்டு, மாத்திரையை முக்காட்டு நுனியில் முடிந்துகொண்டாள். நோன்புப் பெருநாள் கழித்து விழுங்கிக்கொள்ளலாம் என்று அவளுடைய கணக்கு.

அதற்குள் வெள்ளிக்கிழமை, மாத்திரை கொடுக்கத் தொடங்கும் முன்பே காய்ச்சலில் படுத்துவிட்ட பாப்பாயி மகள் போன சேதி வந்தது. இவள் பயந்துபோனாள். நோன்பு திறந்ததும், சேர்த்துவைத்ததை எல்லாம் கஞ்சியோடு ஒரேயடியாக விழுங்கிவிட்டாள். ஏனடி இப்படிச் செய்தாய் என்று பிறகு கேட்டேன். "உட்டுப்போன தொழுகையைச் சேத்துத் தொழுவறோமில்ல, அது மாதிரிதாம்மா" என்கிறாள். இதை எழுத மாட்டேன் என்று இப்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுதடி, அத்தாவுக்குத் தெரியட்டும் என்றேன்.

கொஞ்ச நேரத்தில் காதுக்குள் வண்டு கத்துகிறது என்று அழுதாள். வாந்தியாய் எடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் கூப்பிடுவதுகூட அவளுக்குக் கேட்கவில்லை. என் உயிர் என்னிடம் இல்லை. ராத்திரியே வந்து பார்த்த டாக்டர், வாந்தி எடுத்ததால் பிழைத்தாள் என்றார். மறுநாள் பொழுது சாயும்போதுதான் என் குரலுக்குத் திரும்பிப் பார்த்தாள்.

உங்கள் அண்ணன் பள்ளிக்கூடத்துக்கே போய், எங்கள் பிள்ளைக்கு விஷமா வைத்தாய் என்று சத்தம் போட்டுவிட்டு வந்தார். வாத்தியாரை ஊரைவிட்டு மாற்ற மனு எழுதப் போகிறாராம். "பொட்டப்புள்ளைக்குப் படிச்சது போதும்" என்று அன்றைக்கே இவளை நிறுத்திவிட்டார். உங்களுக்கும் எழுதியிருக்கிறாராம். உங்கள் பதில் வந்ததும் பள்ளியில் பேரை எடுத்துவிடுவாராம்.

வாத்தியார் வீட்டுக்கு வந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்றார், நான் கதவுக்குப் பின்னால். "தப்பு என்னுதுங்கம்மா. நோம்பு மாசம்னு தெரிஞ்சும் கேக்காமக் குடுத்துப்போட்டனுங்க" என்றார். பெற்றவளைக் கேட்காமல் எப்படிக் கொடுக்கலாம் என்று நானும் கேட்டுவிட்டேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு என் கோபமும் தணிந்துவிட்டது.

இப்போது வீடு வீடாகப் போய்க் கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறார். நம் தெருப் பிள்ளைகளுக்குப் பொழுது இறங்கியதும் அவர் மனைவி மயிலம்மாள் கொண்டுவந்து, தாயார் கையில் தருகிறாள். டாக்டர் சரி என்று சொன்னால்தான் நம் பிள்ளைக்கு. கேட்காமல் கொடுத்தது தப்புதான். அதற்காக அவரையே துரத்திவிட்டால், பாப்பாயிக்கு வந்தது நாளைக்கு எந்த வீட்டுக்கு வருமோ! நீங்களே யோசியுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் என் கடிதங்களை உங்கள் அண்ணன்தான் எழுதினார். நல்லவர்தான். ஆனால் அவரிடம் "சுகம்" என்பதற்குமேல் நான் என்னத்தைச் சொல்லுவேன்? மனசு உங்களைத் தேடுகிறது என்று அவரிடம் சொல்லி எழுதச் சொல்ல முடியுமா? இன்றைக்குத்தான் உங்களிடம் வாய்விட்டுப் பேசுகிறேன். சிரிக்கிறாள் பாருங்கள், கழுதை!

பெருநாள் கழிந்ததும் பிள்ளை பள்ளிக்குப் போகட்டும் என்று அண்ணனுக்கு ஒரு வரி எழுதுங்கள். உங்கள் வார்த்தையை அவர் தட்டமாட்டார். அல்லாஹ் உங்களை நோய்நொடி இல்லாமல் காப்பாற்றி, அடுத்த ரமலானுக்கு இந்த வீட்டுக் கஞ்சியைக் குடிக்கவைப்பானாக.

இப்படிக்கு,
அஜீஸா.

அத்தா, இது நானே எழுதுவது. அம்மா அடுப்படிக்குப் போயிருக்கிறாள். அவள் அழுததை எழுத வேண்டாம் என்றாள், அதனால் எழுதவில்லை. என் காது இப்போது நன்றாகக் கேட்கிறது. காலையில் பள்ளிக்கூட மணி அடிப்பது நம் வீடுவரைக்கும் கேட்கிறது, அத்தா.

ஷாஜாதி.