விசில் ஊதிய பிறகு விழுந்த அடி

மேக்கன், ஜார்ஜியா
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் லியாண்டருக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் தயவில் நானும் அப்பாவும் சௌக்கியமாக இருக்கிறோம், சியாட்டிலில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். உன் அக்கா ரோஷெலின் குழந்தைக்குப் பல் முளைத்திருக்கிறது, கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறாள். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் அட்லாண்டாவில் உன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து ஃபுட்பால் என்ற பேச்சையே அவர் எடுப்பதில்லை. வாசலில் கட்டியிருந்த உங்கள் அணிக் கொடியை அவரே இறக்கி, மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். 

அன்றைக்கு நீ அனுப்பிய டிக்கெட்டில் உயரத்தில் கடைசி வரிசைகளில் உட்கார்ந்திருந்தோம், இரண்டு பேரும் உன் எண் போட்ட சட்டை. எதிரணி ஆமோஸ் பந்தைக் கையில் இடுக்கியபடி ஓடி, மைதானத்தின் ஓரக்கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டான், விசில் ஊதியாயிற்று, ஓட்டத்தைக் குறைத்து நடுவரிடம் பந்தைக் கொடுக்கக் கை நீட்டுகிறான். நீ எங்கிருந்தோ ஓடிவந்து தலைக்கவசத்தோடு அவன் கழுத்தில் மோதினாய். விழுந்தவன் அசையவில்லை, நீ அவன் தலைமாட்டில் நின்று மார்தட்டினாய். அடுத்த நொடி இரண்டு அணியும் கைகலந்துவிட்டன, கிடந்தவனைச் சுற்றிலும் குத்தும் உதையும்தான். எங்கள் பின்னால் இருந்த ஒருவன் "அப்படிப் போடு, இன்னொண்ணு வை" என்று கத்தினான், சட்டையைப் பார்த்துவிட்டு "உங்க பையனா? சிங்கம்மா அவன்" என்று என் தோளைத் தட்டினான். அப்பா திரும்பி, "கீழ கிடக்கிறவனுக்கு மூச்சு வருதான்னு முதல்ல பாருப்பா" என்றார். 

உங்கள் பயிற்சியாளர் டிவியில் சிரித்துக்கொண்டே "அந்த வெறிதான் எங்களுக்கு வேணும், அன்னைக்குக் கொஞ்சம் கூடிப்போச்சு, அவ்வளவுதான்" என்றார். விசில் காதில் விழவில்லை என்று நீ சொன்னதையும் கேட்டேன். நம்மூர் க்ளைடின் முடிவெட்டும் கடையில் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்களாம், பாதிப் பேர் கைதட்டுகிறார்கள், மீதிப் பேர் உன்னை ஜெயிலில் போடச் சொல்கிறார்கள். இந்தப் பருவம் முழுக்க உன்னை ஆடவிடாமல் நிறுத்தியதில் எனக்கு வருத்தமில்லை ராசா. மோதித் தள்ளுவதுதான் உன் வேலை, அதை நான் குறை சொல்லவில்லை, பள்ளிக்கூட நாளிலிருந்து அதைப் பார்த்து நானும் கத்தியிருக்கிறேன். ஆனால் விசில் ஊதினால் நிற்பான் என்ற நம்பிக்கையில்தானே ஒருவன் உன் எதிரே வந்து நிற்கிறான்.

போன வாரம் ஒரு கேக் சுட்டு எடுத்துக்கொண்டு அட்லாண்டா ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆமோஸின் அம்மா ஜெனீவா அறை வாசலிலேயே நின்றிருந்தாள், என்னைவிடச் சின்னவள்தான். "வாங்க, நீங்க எந்த சர்ச்சுலேருந்து வர்றீங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள். நான் லியாண்டரின் அம்மா என்றேன். முகம் மாறிவிட்டது. "எந்த மூஞ்சியோட வந்த? உன் மகனுக்கு வாய் இல்லையா, உன்னை அனுப்பியிருக்கான்?" என்றாள். அவன் அனுப்பவில்லை, நான் வந்தது அவனுக்குத் தெரியாது என்றேன். "கேக்கை எடுத்துட்டுப் போ" என்றாள். நான் திரும்பியபோது உள்ளேயிருந்து ஆமோஸ் "யாரும்மா அது? வரச் சொல்லு" என்று கூப்பிட்டான்.

கழுத்தில் பட்டை போட்டு நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். வலது கை விரல்கள் இப்போதுதான் லேசாக மடங்குகின்றன. நடப்பானாம், இனி ஆடமாட்டானாம். கோபமாகப் பேசுவான் என்று நினைத்தேன், மெதுவாகத்தான் பேசினான். "எனக்கு விசில் கேட்டுச்சும்மா. அதனாலதான் உடம்பைத் தளர்த்திட்டேன். விறைப்பா இருந்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காதாம், டாக்டர் சொல்றாரு. உங்க மகனுக்கும் கேட்டுச்சான்னு கேட்டுச் சொல்லுங்க, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றான்.  அவ்வளவு உயரத்தில் எங்களுக்கே கேட்டது, லியாண்டர்.

கிளம்பும்போது, நீ நேரில் வரலாமா என்று ஜெனீவாவிடம் கேட்டேன். லிப்ட் வரைக்கும் கூட வந்து என் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள். இன்று காலை அவளே போன் செய்தாள். "அடுத்த வாரம் சனிக்கிழமை வரச் சொல்லு. தனியா வரணும். கேமரா, வக்கீல், பூங்கொத்து ஒண்ணும் ஆகாது. நான் ரூமுக்குள்ளதான் இருப்பேன், வெளிய போகமாட்டேன்" என்றாள். உங்கள் வக்கீல் வாயைத் திறக்காதே என்பார், அது அவர் வேலை. நீ என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதப்போவதில்லை. அவன் கேட்டதற்கு உண்மையான பதில் உன்னிடம்தான் இருக்கிறது.

உன் கோபமெல்லாம் தணிந்து, நல்ல தூக்கமும் தெளிந்த மனசும் உனக்குக் கிடைக்க ஆண்டவர் துணையிருக்கட்டும். வரும்போது மறக்காமல் தடித்த கோட்டை எடுத்துவா, இங்கேயும் குளிர் இறங்கிவிட்டது. இதை எழுதி முடித்து அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "சனிக்கிழமை ஏர்போர்ட்டுக்கு நான் வர்றேன்னு எழுது. ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் நானே கூட்டிட்டுப் போறேன், உள்ள அவன்தான் போகணும்" என்றார்.

என்றும் உன்மேல் பிரியமுள்ள அம்மா,
ஓர்லெட்டா