மழையில் ஊறின ரீல்

3-12-1955, சனி

சீனி மச்சான்,

இப்படிக் கூப்பிட்டு நாற்பத்து நாலு நாள் ஆகிறது. வாய்விட்டுக் கூப்பிட முடியவில்லை. மாமி காதில் விழுந்தால் மகனை நினைத்து அழ ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் எழுதுகிறேன். சினிமாப் பாட்டு எழுதி வைக்க வேண்டும் என்று உங்களை நச்சரித்து வாங்கினேனே, அந்த நோட்டு. முதல் பக்கத்தில் ஒரு பாட்டு பாதியில் நிற்கிறது. மீதி எனக்குத் தெரியாது. என் அஞ்சாங்கிளாஸ் எழுத்தைப் பார்த்துச் சிரிக்க ஆள் இல்லை. தப்பாகவே எழுதலாம்.

இத்தா முடிய இன்னும் எண்பத்து நாலு நாள். புருஷனைப் பறிகொடுத்தவள் நாலு மாசம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது, வேற்று ஆண் முகம் பார்க்கக் கூடாது. அது ஒன்றும் கஷ்டமாக இல்லை. எங்கே போகப் போகிறேன்?

இன்று முட்டை மூன்று.

7-12-1955

ஸ்டேஷனுக்குப் பின்னால் டெண்டுக் கொட்டகையில் அந்தப் படம் வந்துவிட்டது. எந்தப் படம் என்று தெரியுமில்லையா? மூடின கதவில் சாய்ந்து ஒரு பொம்பளை நிற்கிற நோட்டீசு. கவரைப்பேட்டையில் யாரும் அதன் பேரைச் சொல்வதில்லை. கதவுப் படம், கதவுப் படம் என்கிறார்கள்.

பொழுது சாய்ந்ததும் பாட்டு போட்டான். ஜன்னலைச் சாத்திவிட்டேன். சாத்தினாலும் கேட்கிறது.

9-12-1955

பக்கத்து வீட்டுக் கங்கம்மாக்கா நேற்று போய்ப் பார்த்துவிட்டு இன்று கதை சொல்ல வந்துவிட்டாள். ரைஸ் மில்லுக்குப் போகிற வழியில் நின்றபடியே மொத்தக் கதையும் சொன்னாள்.

புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை. அவன் கோபித்துக்கொண்டு போகிறான், மழையில் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். அவள் திறக்கவில்லை. அவன் போய்விடுகிறான். அன்றைக்கே ஆற்று வெள்ளத்தில் செத்துப்போகிறான். அப்புறம் படம் முழுக்க அவள் அந்தக் கதவையே பார்த்து அழுகிறாள்.

"நெஞ்சழுத்தம்டி அவளுக்கு! ஊட்டுக்காரன் மழையில நின்னுகினு தட்றான், இவ உள்ள குந்திகினு கேக்கறா. அப்பால அழுதா ஆச்சா? நானா இருந்தா ஸ்கிரீனக் கிழிச்சினு உள்ள பூந்து அவ கன்னத்துல ரெண்டு வச்சிருப்பேன்."

போகும்போது இன்னொன்றும் சொன்னாள். "நடுவுல ஒரு ரீலு மழையில ஊறிப் பூடுச்சாம். அத்தப் போடாமயே வுட்டுட்டான். ஒரே சீட்டி, கூச்சல்."

கங்கம்மாக்காவுக்கு ஒன்றும் தெரியாது. சும்மா படத்தைத்தான் சொன்னாள். நான் அடுப்படிக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

10-12-1955

எழுதிவிடுகிறேன். யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் படம் வந்தால் கூட்டிப் போங்கள் என்றேன். "அம்மா வருத்தப்படும் மெகரு, வேணாம்" என்றீர்கள். அவ்வளவுதான் சண்டை. மறுநாள் காலை உங்களுக்கு டீயில் சீனி போடாமல் கொடுத்தேன். மூணு கரண்டி போட்டாலும் போதவில்லை என்கிறவர், ஒன்றும் சொல்லாமல் முழுக்கக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தீர்கள். வாசற்படியில் நின்று ஸலாம் சொன்னீர்கள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்தேன். பதில் சொல்லவில்லை.

நீங்கள் ஏறின பச்சையப்பண்ணன் வண்டி கிளம்பின சத்தம் கேட்டதும்தான் என்னவோ ஆகி வாசலுக்கு ஓடினேன். வ அலைக்கும் ஸலாம் என்று பதில் கொடுத்தேன். சத்தமாகத்தான் சொன்னேன். சத்தமாகத்தானா? வண்டி மில் முனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

இறால் கருவாடு வாங்கப் பழவேற்காடு ஏரியில் படகேறினீர்கள். காற்று அடித்துப் படகு கவிழ்ந்தது. ரெண்டு பேர் நீந்திக் கரையேறினார்கள்.

ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை. சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

13-12-1955

மில்லில் இரண்டு கட்சியாகிவிட்டதாம். நெல் அவிக்கிறவர்கள் அவள் மேல் தப்பு என்கிறார்களாம். தூற்றுகிறவர்கள் அவன் மேல் தப்பு என்கிறார்களாம். "ரெண்டாந்தரம் தட்டினா கையி தேஞ்சிடுமா அவனுக்கு?" என்று ஒருத்தி கேட்டாளாம். முறத்தைத் தூக்கிக்கொண்டு சண்டையாம்.

நான் ரெண்டு கட்சியிலும் இருக்கிறேன். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று.

மாமியிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "நான் படம் பாக்கல. பாக்காமயே சொல்றேன், படம் எடுத்தவன் குத்தக்காரன். அந்தப் பொண்ண ஏன் அப்பிடி அழவைக்கணும்?" என்றார்கள்.

இதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

19-12-1955

பச்சையப்பண்ணன் விறகு கொண்டுவந்து போட்டார். நான் திரைக்கு உள்ளே. உங்களை ஏரிக்கரை வரை கொண்டுவிட்ட மனுஷர். அன்றைக்குப் பிறகு இப்போதுதான் இந்த வாசலுக்கு வருகிறார். கேட்க நினைத்ததைக் கேட்காமல் படத்தைக் கேட்டேன்.

"அண்ணா, கதவுப் படம் பாத்தீங்களா?"

"மூணு வாட்டி, தங்கச்சி. மூணும் நம்ம டெண்டுலதான்."

"அவ கதவத் தொறக்கலியே. தப்பில்லியா?"

"ஆச இல்லாதவளா இருந்தா மொத தட்டுலயே தொறந்துட்டு, துன்னுட்டுத் தூங்குன்னிருப்பா. கோவம் யாரு மேல வரும்? அவனுக்குத் தெரியாதா அது?"

அப்புறம் என் வாய் தானாகக் கேட்டுவிட்டது. அன்றைக்கு வண்டியில் நீங்கள் என்ன பேசினீர்கள் என்று.

விறகை அடுக்குகிற சத்தம்தான் கேட்டது. பிறகு அண்ணன் சொன்னார். "மில்லு முனை திரும்பசொல்லோ, நிறுத்துன்னாரு பாய். திரும்பிப் பாத்தாரு. தன்னால சிரிச்சாரு. இன்னா பாய்ன்னேன். ஒண்ணுமில்ல, ஓட்டுன்னாரு."

மச்சான்! கேட்டிருக்கிறது!

இன்று டீயில் மூணு கரண்டி சீனி போட்டு நானே குடித்தேன். தித்திப்புத் தாங்கவில்லை. முழுக்கக் குடித்தேன்.

2-1-1956

திருவள்ளூரிலிருந்து தங்கச்சி ரஷீதா வந்திருக்கிறாள். அவள் கதவுப் படத்தைத் தீபாவளிக்கு முன்னாலேயே டவுன் கொட்டகையில் பார்த்தவள். பேச்சுவாக்கில், கதவைத் திறக்காத பாவி என்று நான் ஏதோ சொன்னேன்.

"யாருக்கா சொன்னது? தொறக்கறாளே! கொஞ்சம் லேட்டாயிடுது, அவ்ளோதான். தாழ்ப்பா எடுக்கற சத்தம் கேட்டு அவன் தெருமுனையில நின்னு திரும்பிப் பாக்கறான். சிரிக்கறான். சிரிச்சிகினே போயிடறான். அங்கதான் கொட்டகையே அழுவுது."

தெருமுனை. நின்றான். திரும்பினான். சிரித்தான்.

அப்படியே பச்சையப்பண்ணன் சொன்னது. ஒரு வார்த்தை மாறவில்லை.

3-1-1956

அண்ணன் சினிமாவில் பார்த்ததை எடுத்து உங்கள் முகத்தில் ஒட்டிவிட்டார். பாவம், அழுகிற பொம்பளைக்கு ஏதாவது கொடுக்கணுமே என்று. அவரைக் கோபிக்கவும் முடியவில்லை. பதினஞ்சு நாள் சந்தோஷமாக இருந்தேனே, இன்னா வெக்கங்கெட்ட ஜென்மம் நான்—

4-1-1956

டீ குடிக்கவில்லை.

11-1-1956

கங்கம்மாக்கா மறுபடியும் அந்தக் கதவை இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தாள். பேஜாராகிப்போய், அவள்தான் திறக்கிறாளே, அவன் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறானே என்றேன்.

"எந்த சீனுடி? நாங்க யாரும் பாக்கலியே!"

"ரஷீதா பாத்திருக்கா."

"அப்பிடின்னா அது அந்த ஊறிப்போன ரீலுல இருந்திருக்கும். அட கண்றாவியே, நான் ஒரு மாசமா அந்தப் பொண்ணத் திட்டிகினு கெடக்கறேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மில்லில் போய் இரண்டு கட்சிக்கும் சொல்ல வேண்டும் என்று ஓடினாள்.

ஊறிப்போன ரீல். அப்படியானால் பச்சையப்பண்ணன் அந்தக் காட்சியைப் பார்க்கவே இல்லை. மூணு வாட்டியும் நம்ம டெண்டு என்றாரே. பார்க்காததை எப்படி எடுத்து ஒட்டுவார்?

ஆனால் அண்ணன் திருவள்ளூருக்கும் வண்டி ஓட்டுகிறவர். சவாரி ஏறினவர்கள் யாராவது சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருக்கலாம்.

அடுத்த தடவை விறகு போட வந்தால் கேட்டுவிடலாம். "ஆமா தங்கச்சி, சும்மாதான் சொன்னேன்" என்றுவிட்டால்? வேண்டாம். கேட்கவில்லை.

20-1-1956

முட்டை இரண்டு. வெள்ளைக் கோழி அடையில் உட்கார்ந்துவிட்டது.

பச்சையப்பண்ணன் விறகு போட்டார். நல்லா இருக்கீங்களா அண்ணா என்றேன். நல்லா இருக்கேன் தங்கச்சி என்றார். அவ்வளவுதான்.

25-2-1956, சனி

இத்தா இன்றோடு முடிந்தது. குளித்தேன். மாமி தலை துவட்டிவிட்டார்கள். துவட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "ரஷீதா ஊட்டுக்கு ரெண்டு நாள் போய்ட்டு வா. அந்தப் படம் அங்க பக்கத்துல காக்களூர் டெண்டுல ஓடுதாமே, பாத்துட்டு வா" என்றார்கள்.

நான் திரும்பப் பார்த்தேன். மாமி என் தலையைப் பிடித்து முன்னால் திருப்பிவிட்டுச் சொன்னார்கள்.

"அன்னிக்கு நான் வேணாம்னு சொல்லாம இருந்திருந்தா சண்டையே இல்ல. எல்லாம் கேட்டுகினுதான் படுத்திருந்தேன். ஸலாத்துக்கு நீ பதில் சொல்லலைன்னும் தெரியும். ஊட்டுல ஒருத்தர் சொன்னா எல்லாருக்கும் ஆச்சு. நான் உள்ளயிருந்து சொல்லிட்டேன், புள்ள. அத்த நெனச்சி உருகாத."

இத்தனை நாளும் தெரிந்துகொண்டே என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறார்கள்.

கடமை தீர்ந்தது. அது சரி. நீங்கள் உங்கள் அம்மாவுக்கா ஸலாம் சொன்னீர்கள்? எனக்குத்தானே?

6-3-1956, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம் பார்த்தேன். துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பொம்பளைகள் பக்கத்து மணலில் உட்கார்ந்தோம். இந்த டெண்டில் அந்த ரீல் இருந்தது.

தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அவன் தெருமுனையில் நின்றான். திரும்பினான். அவனுக்குப் பின்னால் விளக்குக் கம்பம். வெளிச்சமெல்லாம் முதுகில். முகத்தில் ஒன்றும் இல்லை, மச்சான். இருட்டு. மழைக்கோடு.

"சிரிக்கறான் பாத்தியாக்கா?" என்றாள் ரஷீதா.

"ஐயோ, அழறாண்டி" என்றாள் பின்னால் ஒருத்தி.

"அழுவவும் இல்ல சிரிக்கவும் இல்ல, பீடி பத்த வைக்கறான். மறைக்காம குந்துங்கடி!" என்றாள் இன்னொருத்தி.

நான் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவன் நின்றான். போகிறவன் நின்றான்.

நேற்று பஸ்ஸில் திரும்பி வந்தேன். மாமி பாயில் உட்கார்ந்து கதை முழுக்கக் கேட்டார்கள். வெற்றிலை மெல்லாமல் கேட்டார்கள். அந்த இடம் வந்ததும் நான் நிறுத்திவிட்டேன்.

"திரும்பிப் பாத்து இன்னா பண்ணான் அந்தப் புள்ள?"

மாமியின் முகத்தைப் பார்த்தேன்.

"சிரிச்சான் மாமி" என்றேன்.

மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சிரிச்சானா? அப்பாடா" என்றார்கள். அப்புறம் டீ போடச் சொன்னார்கள். இரண்டு டம்ளரிலும் சீனி போட்டேன்.

நான் சொன்னது பொய்யா மச்சான்? பச்சையப்பண்ணன் சொன்னதும் இப்படித்தானா? மில் முனையில் நீங்க நின்னீங்களே, வாசல்ல நான் கத்துனது உங்களுக்குக் கேட்டுச்சா?