ரோட்டின் மேல் போட்ட பழி

ஆடி 14, செவ்வாய்.

காரில் சக்கர அதிர்வைத் தாங்கும் கெட்டியான பாலியூரிதேன் புஷ்களைக் கழற்றிவிட்டு, மெத்தென்ற ரப்பர் புஷ் போடச் சொன்னேன்.

"புதுசு கணக்கா இருக்கு அண்ணாச்சி, இன்னும் பத்து வருசம் வரும். எதுக்கு மாத்துதீய?" என்றான் மெக்கானிக்.

நெடுநாள் உழைக்கும் என்றுதான் போட்டேன். வண்டி தூக்கிப்போடும் என்று அவன் அப்போதே சொன்னான். நான் கேட்கவில்லை. முதுகெலும்பில் புற்றுநோய் வந்த மனைவியை அந்தக் காரில்தான் வாராவாரம் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனேன். ஒவ்வொரு பள்ளத்திலும் தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். "ரோடு மோசமாக் கெடக்கு" என்பாள். என்னை ஒன்றும் சொன்னதில்லை, போன மாதம் கண்மூடும் வரை.

இன்று ரப்பர் மாட்டியதும் அதே ரோட்டில் பனவடலிசத்திரம் வரை ஓட்டினேன். பக்கத்து சீட்டில் அவள் தலையணை அசையாமல் கிடந்தது.

ரோடு நன்றாகத்தான் இருக்கிறது, செல்வி.